முட்டு பிரிக்கும் நாள்

டாலிகஞ்சில் ஸ்டூடியோக்களுக்குப் பின்னால், ஆட்டோகூட முனகிக்கொண்டே நுழையும் ஒரு சந்தின் கோடியில் அந்த வீடு இருந்தது. வாஞ்சிநாதன் கேட் முன்னால் போய் நின்றபோது மணி மூன்றரை. மே மாதப் புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வடமேற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. காவல்காரர் நிமாய்தா கேட்டின் சங்கிலியைக் கழற்றியபடியே, இன்னும் ஒரு மணி நேரத்தில் கால்பைசாகி புயல் அடிக்கும் என்றார். பிறகு மாடியைக் காட்டி, "தீதிமணி ஒப்போரே", மேலே இருக்கிறாள், என்று வங்காளியில் சொன்னார்.

தீதிமணி என்றது வாஞ்சிநாதனின் ஒரே மகள் ஹம்சினியை. அவளும் அப்பா வேலை பார்க்கும் கட்டடக் கம்பெனியில்தான் இன்ஜினியர். காலையிலிருந்து மாடி அறைகளை அளந்துகொண்டிருந்தாள்.

கூடத்துக்குள் நுழைந்ததும் ஈர சிமென்ட் வாடை மூக்கில் ஏறியது. வாஞ்சிநாதன் நின்று சுற்றிலும் பார்த்தார். வீட்டைப் புதுப்பிக்கும் இந்த வேலைக்கு இன்னும் ஒரு மூட்டை சிமென்ட்கூட வந்து இறங்கவில்லை. பழைய வீடு, சுவர் ஊறியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு மடிக்கணினியைத் திறந்தார்.

கட்டடம் என்றால் வரைபடம்தான் எல்லார் கண்ணுக்கும் தெரியும். எந்தக் கலவை போட வேண்டும், எத்தனை நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும், எதை எப்போது கழற்ற வேண்டும் என்று பக்கம் பக்கமாக எழுதி வைக்க ஒருவர் வேண்டும். வேலைத்தளத்தில் அதை ஸ்பெக் என்பார்கள். அங்கே அதுதான் சட்டம். முப்பது வருஷமாக அந்தச் சட்டத்தை எழுதிக்கொண்டிருந்தவர் வாஞ்சிநாதன். எழுதினார் என்பதுகூட ஒரு மரியாதைக்குத்தான். அவர் சொந்தமாக எழுதியது பத்துப் பக்கம் தேறாது. பழைய வேலையின் கோப்பைத் திறப்பார், பெயரை மாற்றுவார், வேண்டிய அத்தியாயத்தை அப்படியே வெட்டி ஒட்டுவார். அந்தத் தொழிலில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான், ஆனால் மற்றவர்கள் ஒட்டியதை ஒரு தடவையாவது படித்துப் பார்ப்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் சாந்த்ராகாச்சியில் ஒரு கிடங்கு கட்டினார்கள். ஒன்பது மீட்டர் நீள உத்தரங்கள். கான்கிரீட் போட்டபின் அடியில் நிறுத்திய இரும்பு முட்டுகளை இருபத்தொரு நாள் தொடக்கூடாது. வாஞ்சிநாதன் எடுத்து ஒட்டியது ஒரு குடியிருப்பு வேலையின் பக்கம். அங்கே சின்னச் சின்ன அறைகள், ஏழு நாள் போதும் என்றிருந்தது. அந்த ஏழு அப்படியே வந்து ஒன்பது மீட்டரின் கீழ் உட்கார்ந்துகொண்டது.

தளத்து சூப்பர்வைசர் கோபு. லேக் மார்க்கெட்டில் முறுக்குக் கடை வைத்திருந்தவரின் மகன். எழுதியதற்கு ஒரு சொல் கூடவும் செய்யமாட்டான், குறையவும் செய்யமாட்டான். அவனுக்கே சந்தேகம் வந்து போன் செய்தான். "சார், ஒன்பது மீட்டருக்கு ஏழு நாளா சார்?" வாஞ்சிநாதன் கோப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "எழுதியிருக்கறபடி செய்" என்று வைத்துவிட்டார்.

ஏழாம் நாள் முட்டுகளைப் பிரித்தார்கள். கான்கிரீட் தளம் மூன்று பேர் மேல் இறங்கி நசுக்கியது. பிழைத்தவர்கள் அதே முட்டுகளைக் கையில் எடுத்துக்கொண்டு கோபுவைச் சூழ்ந்தார்கள். அவன் ஸ்பெக்கைத் தூக்கிக் காட்டி, ஏழு நாள் என்று எழுதியிருக்கிறது, எழுதியிருக்கிறது என்று வங்காளியிலும் ஹிந்தியிலும் கத்தினான். அப்போதுதான் காரில் வந்து இறங்கவிருந்த வாஞ்சிநாதனைப் பார்த்துவிட்டான். "சார், நீங்க சொல்லுங்க சார்!"

வாஞ்சிநாதன் கார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

முதல் அடி முழங்காலில் விழுந்தது. விழுந்தவனை இரும்பால் அடித்துக்கொண்டே இருந்தார்கள். போலீஸ் வந்தபோது அடையாளம் சொல்ல அவனுக்கு முகம் மிச்சமில்லை. கையிலிருந்த காகிதம் ரத்தத்தில் ஊறிக் கூழாகியிருந்தது. அன்று மாலையே வாஞ்சிநாதன் அலுவலகக் கோப்பில் ஏழை இருபத்தொன்றாக்கி அச்செடுத்துப் போலீசிடம் கொடுத்தார். சூப்பர்வைசரின் அவசரம்தான் காரணம் என்று வழக்கு முடிந்தது. டாக்குரியாவில் கோபுவின் மனைவி சங்கவியை அக்கம்பக்கத்தில் கொலைகாரன் பெண்டாட்டி என்றார்கள். வாஞ்சிநாதன் அதற்குப் பிறகு எந்த வேலைத்தளத்திலும் கால் வைக்கவில்லை. இன்றுதான் முதல் முறை. வீட்டை நேரில் பார்த்து ஆறு மணிக்குள் ஸ்பெக் அனுப்பியாக வேண்டும் என்று மேலதிகாரி மஹாதேவன் ஒற்றைக் காலில் நின்றிருந்தார்.

கூடத்து மேஜையில் உட்கார்ந்து, வேறொரு வேலையிலிருந்து இடிப்பு அத்தியாயத்தை எடுத்து ஒட்டினார். மூன்றே பத்தி. ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: தளர்ந்த பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் இடுக்குகளைப் பத்து மில்லிமீட்டர் ஆழம் சுரண்ட வேண்டும். தரைத்தளத்துத் திறப்புகள் அனைத்தையும் செங்கல் கட்டி அடைக்க வேண்டும். மேல்தளத்தை இடித்து இறக்க வேண்டும்.

பக்கத்து அறையில் கொத்தும் சத்தம் கேட்டது.

டொக். டொக். டொக். தினக்கூலிக்காரன் வேலை செய்கிற மாதிரி நிதானமாக, ஒரே தாளத்தில் கேட்டது. ஹம்சினிதான் சுவரைத் தட்டிப் பார்க்கிறாள் என்று அவர் நினைத்தார். அவள் படியில் இறங்கி வந்தாள், கையில் அளவு நாடா மட்டும் இருந்தது.

"அப்பா, நீ என்ன தட்டிண்டே இருக்கே?"

"நானா? நான் உக்காந்த எடத்தை விட்டு அசையலையேம்மா."

சத்தம் நின்றது. இருவரும் போய்ப் பார்த்தார்கள். அறை காலியாக இருந்தது. நாலு சுவரிலும் பூச்சு உரிந்து செங்கல் பச்சைப் புண்ணாகத் தெரிந்தது. உதிர்ந்த காரை மூலையில் ஒழுங்காகக் குவிந்திருந்தது. ஹம்சினி வியப்போடு நாடாவின் முனையைச் செங்கல் இடுக்கில் விட்டு அளந்தாள். இன்னோர் இடத்தில் அளந்தாள். இன்னும் ஒன்று.

"ஆரே, எல்லா எடத்துலயும் கரெக்டா பத்து மில்லிமீட்டர். யாருப்பா இவ்வளவு நேர்த்தியா..."

வாஞ்சிநாதன் சுரண்டிய இடுக்கை விரலால் தடவிப் பார்த்தார். எழுதியபடி இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிற ஒருவனைத்தான் அவருக்குத் தெரியும். அடுத்த பத்தி என்னவென்பதும் ஞாபகம் வந்தது. திறப்புகள் அனைத்தையும். 'பயன்படாத' என்ற சொல்லை அவர் சேர்த்திருக்க வேண்டும். வழக்கம்போலப் படிக்காமல் விட்டுவிட்டார்.

"ஹம்சி, வெளில ஓடு! எதையும் எடுக்காதே, ஓடு!"

கூடத்துக்கு வந்தபோதே வெளிச்சம் குறைந்திருந்தது. புயல் மேகம்தான் என்று ஒரு நொடி நினைத்தார். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக அடைபட்டுக்கொண்டிருந்தன. கைகள் தெரியவில்லை. கரணையில் கலவையை வழிக்கும் சத்தமும், செங்கல்லைத் தட்டி உட்கார வைக்கும் சத்தமும் மட்டும் கேட்டன. வாசலுக்கு ஓடினார்கள்.

வாசலிலும் சுவர் இருபுறமும் தலைக்குமேல் எழும்பியிருந்தது.

நடுவில் மிஞ்சிய ஒரே இடுக்கில் நிமாய்தா சிக்கியிருந்தார். மழை வருகிறது என்று சொல்ல உள்ளே வந்திருக்க வேண்டும். மார்புவரை செங்கல் அவரை நெரித்துக்கொண்டிருந்தது. வலது கை வெளியே நீட்டியபடி இருந்தது. "மா கோ" என்று ஒரு தரம் தாயைக் கூப்பிட்டு முனகினார். அடுத்த வரிசைக் கல் அவர் தாடையருகே வந்தது. இடம் போதவில்லை. கண்ணுக்குத் தெரியாத சுத்தியல் கல்லைத் தட்டியது. பிறகு ஓங்கித் தட்டியது. எலும்பு நொறுங்கும் சத்தத்தோடு கல் வரிசையில் நேராக உட்கார்ந்தது. இடுக்கில் வழிந்த கலவை சிவப்பாக இருந்தது. வெளியே நீண்டிருந்த விரல்கள் கொஞ்ச நேரம் துடித்து அடங்கின.

ஹம்சினி வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். வாஞ்சிநாதன் மேஜைக்குப் பாய்ந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கவே திரையில் மூன்றாம் பத்தியை அழித்தார். அத்தியாயத்தையே அழித்தார்.

ஒருமுறை தளத்துக்குப் போன ஸ்பெக்கை மேஜையில் அழித்து என்ன பயன்?

மேலே கடப்பாரை விழுந்தது. அந்தப் பழைய வீட்டின் கூரை இரும்பு உத்தரங்கள் மேல் செங்கல் பாவியது. முதலில் செங்கற்கள் உதிர்ந்தன. பிறகு ஓர் உத்தரம் சாய்ந்து இறங்கி ஹம்சினியின் வலது காலைத் தரையோடு நசுக்கியது. அவள் அலறிய அலறலில் வாஞ்சிநாதன் மேஜையை விட்டு ஓடிவந்தார். உத்தரத்தைப் பிடித்துத் தூக்கினார். அது அசையவில்லை. அவள் தலைக்கு நேர் மேலே மிச்சக் கூரை தொப்பையாகத் தொங்கிக்கொண்டு வந்தது.

"அப்பா, எழுது!" அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கத்தினாள். "நீ எழுதறதைத்தானே அது செய்யறது? தாங்கச் சொல்லி எழுது!"

மடிக்கணினிக்குத் திரும்பி அவர் செய்ததை யாரும் நம்பமாட்டார்கள். தாங்கு என்று ஒரு சொல் தட்டினால் போதும். மகள் ரத்த வெள்ளத்தில் கிடக்கும்போதும் அவர் கை முப்பது வருஷப் பழக்கத்தில் பழைய கோப்பைத்தான் தேடிப்போனது. முட்டு கொடுப்பது என்ற பத்தியைக் கண்டுபிடித்து, வெட்டி, ஒட்டினார்.

தரையிலிருந்து இரும்பு முட்டுகள் எழுந்தன. ஒன்று, இரண்டு, மூன்று... ஹம்சினியைச் சுற்றி ஏழு முட்டுகள் நின்று கூரையைத் தாங்கின. துருவேறிய குழாய்களில் தலைமயிர் ஒட்டியிருந்தது.

"அப்பாடா" என்று உட்கார்ந்தார். அப்போதுதான் திரையைப் படித்தார்.

முட்டுகளை ஏழு நாள் கழித்து அகற்றலாம்.

சாந்த்ராகாச்சிக் கோப்பு. அலுவலகத்தில் திருத்தியவர் தன் மடிக்கணினியில் கிடந்த முதல் பிரதியை மறந்தே போயிருந்தார்.

அடைபட்ட வாசல் பக்கமிருந்து ஒருவன் நடந்து வந்தான். மஞ்சள் ஹெல்மெட் நசுங்கி மண்டைக்குள் இறங்கியிருந்தது. அதற்குக் கீழே மூக்கும் இல்லை, வாயும் இல்லை. கையில் சுத்தியல் இருந்தது. முதல் முட்டின் அருகே போய்ப் பணிவாக நின்றான். குரல் எங்கிருந்தோ வந்தது.

"வணக்கம் சார். எழுதினபடி செய்யறேன் சார்."

"கோபு... கோபு, வேண்டாம்டா..."

"ஒண்ணாம் நாள்."

சுத்தியல் விழுந்தது. முட்டு பறந்துபோய்ச் சுவரில் மோதியது. கூரை ஒரு சாண் இறங்கியது.

"ரெண்டாம் நாள்."

வாஞ்சிநாதன் ஏழை அழித்து இருபத்தொன்று என்று மாற்றினார். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்தத் திருத்தத்தைச் செய்ய அவர் விரல்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

சுத்தியல் பாதியில் நின்றது. கோபு மெல்ல வந்து அவர் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்த்தான். ஈர சிமென்ட்டும் ரத்தமும் கலந்த வாடை அவர் கழுத்தில் மோதியது.

"அன்னிக்கும் இப்படித்தான் மாத்தினீங்களா சார்?"

அவர் வலது கையை மேஜையில் பிடித்து வைத்தான். சுண்டுவிரலில் முதல் அடி. நகம் தெறித்தது. அடுத்த விரல். வாஞ்சிநாதன் மாடு மாதிரி அலறினார். நடுவிரல் தட்டையாகிப் பலகையோடு ஒட்டிக்கொண்டது. அவன் அவசரப்படவே இல்லை. ஐந்து விரலும் முடிந்ததும் திரும்பிப் போய் இரண்டாம் முட்டைத் தட்டினான். மூன்றாவதையும் தட்டினான். கூரை ஹம்சினியின் முகத்துக்கு இரண்டு முழம் மேலே வந்துவிட்டது.

"அப்பா." அவள் குரல் தேய்ந்துபோயிருந்தது. "அது ஏழுன்னு இருந்துதா? நீதான் எழுதினியா?"

அவளிடம் இல்லை என்று சொல்லத்தான் வாய் வந்தது. அப்படிப்பட்ட மனுஷர் அவர். ஆனால் நாலாவது முட்டும் விழுந்தது, உடைந்த செங்கல் ஒன்று அவள் கன்னத்தைக் கிழித்துக்கொண்டு போனது. வாஞ்சிநாதன் உடைந்தார்.

"நான்தான்! ஏழுன்னு எழுதினது நான்தான்டா! அப்புறம் மாத்தினதும் நான்தான்! அவளை விட்டுடு, அவ ஒண்ணும் பண்ணலை!"

"வாயால சொன்னா தளத்துல செல்லாது சார்," என்றான் கோபு. "எழுதிக் குடுங்க."

ஐந்தாம் முட்டு பறந்தது.

இடது கையால், ஒற்றை விரலால், முதல்முறையாக எங்கிருந்தும் வெட்டி ஒட்டாமல் வாஞ்சிநாதன் எழுதினார். சாந்த்ராகாச்சியில் ஏழு நாள் என்று எழுதியவன் நான். கோபு கேட்டபோது அதையே செய்யச் சொன்னவன் நான். பிறகு திருத்தியவனும் நான். மூன்று பேர் சாவுக்கும் கோபுவின் சாவுக்கும் நானே பொறுப்பு. முதல் கோப்பையும் சேர்த்து மஹாதேவனுக்கும் போலீசுக்கும் அனுப்பினார். ஆறாம் முட்டின் மேல் ஓங்கிய சுத்தியல் அப்படியே நின்றது.

"சரி சார்."

வாசல் சுவர் வெளிப்பக்கமாகச் சரிந்தது. நிமாய்தாவின் உடல் மழையில் போய் விழுந்தது. மிச்சமிருந்த இரண்டு முட்டுகள், தீயணைப்பு வண்டி வந்து ஹம்சினியை வெளியே எடுக்கும்வரை கூரையைத் தாங்கி நின்றன.

டாக்டர்கள் வாஞ்சிநாதனின் நாலு விரலை எடுத்தார்கள். ஹம்சினியின் காலில் கம்பிகள் திருகி, எடை கட்டி மேலே தூக்கி வைத்தார்கள். இருவருக்கும் ஐந்தாவது மாடியில் ஒரே அறை. வீட்டில் நடந்ததைப் பழைய கூரை இடிந்த விபத்து என்று போலீஸ் எழுதிக்கொண்டது. சாந்த்ராகாச்சி விஷயத்தில் அவர் அனுப்பியதை மட்டும் வரிக்கு வரி கேட்டு வாக்குமூலம் வாங்கினார்கள். வாசலில் ஒரு கான்ஸ்டபிள் உட்கார்ந்திருந்தார். ஹம்சினி மூன்று நாளாக அப்பாவோடு பேசவில்லை. ஆனால் நாலாம் நாள் காலை இடது கையால் தண்ணீர் குடிக்கத் தடுமாறியவரைப் பார்த்து, "சிஸ்டரைக் கூப்பிடட்டுமா?" என்றாள். வாஞ்சிநாதனுக்கு அது போதுமாயிருந்தது. ஜெயிலுக்குப் போகத் தயாராகிவிட்டார். இரண்டு வருஷத்தில் அன்றுதான் பகலில் அயர்ந்து தூங்கினார்.

நாலு மணிக்குப் பார்வையாளர் நேரத்தில் கோபுவின் மனைவி சங்கவி வந்தாள். சாயம்போன பருத்திப் புடவை, கையில் ஒன்றுமில்லை. கட்டிலருகே வந்து நின்றாள்.

"மன்னிச்சுடும்மா," என்றார் வாஞ்சிநாதன். இடது கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

"நான் அதுக்கு வரலை." அவள் குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. "ரெண்டு வருஷமா தெனம் சாயங்காலம் அவர் வீட்டு வாசலுக்கு வருவார். உள்ள வரமாட்டார். பின்னாடியே அந்த மூணு பேரும் வருவாங்க. தளத்துக்கு அடியில நசுங்குன அதே உடம்போட. என் கண்ணு முன்னாலயே அவரை இரும்பால அடிப்பாங்க. தெனம் அடிப்பாங்க சார். செத்தவங்களுக்கும் யார் எழுதினதுன்னு தெரியலை பாருங்க."

ஹம்சினி மெல்லத் தலையைத் திருப்பினாள்.

"மூணு நாள் முன்னாடி அவர் தனியா வந்தார். முகம் நல்லா இருந்துது. கல்யாணத்துல பாத்த முகம். போயிட்டு வரேன்னார்." சங்கவி முந்தானையை இறுகப் பற்றிக்கொண்டாள். "நானும் நிம்மதியா விளக்கேத்தினேன். அப்புறம்தான் தோணிச்சு. அவங்க மூணு பேரும் அவர்கூடப் போகலை. இப்போ அவங்களுக்கு யாருன்னு தெரியும். பொண்ணையாவது இங்கேருந்து தூக்கிட்டுப் போயிடுங்க சார். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"அவா எங்கே இருக்கா?" என்றார் வாஞ்சிநாதன்.

சங்கவி நிமிர்ந்து பார்த்தாள்.

ஐந்தாவதுதான் கடைசி மாடி. மேலே பூட்டிய மொட்டை மாடிதான்.

அங்கே எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது.

"சிஸ்டர்!" வாஞ்சிநாதன் எழுந்து ஹம்சினியின் கட்டிலை ஒற்றைக் கையால் இழுத்தார். சக்கரங்கள் பூட்டியிருந்தன. தூக்கிக் கட்டிய கால் ஆடியதில் அவள் வலியில் துடித்தாள். கான்ஸ்டபிள் ஓடி வந்தார். வந்தவர் கூரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

வெள்ளையடித்த கூரையில், ஹம்சினியின் முகத்துக்கு நேர் மேலே, ஈரம் வட்டமாகப் படர்ந்துகொண்டிருந்தது. அதில் உள்புறமிருந்து ஓர் உள்ளங்கை அழுந்தியது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

பிறகு மூன்றாவது.

"அப்பா," என்றாள் ஹம்சினி, "மேலே யாரு?"

கூரை ஒரு சாண் இறங்கியது.